பத்தே நிமிஷம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் கண் கட்டு பிரித்தாயிற்றா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். எங்கள் வீடு உனக்குத் தெரியும். ஒரு அறை, ஒரு கூடம். இங்கே தும்மினால் அங்கே கேட்கும். வேலையிடத்திலும் தனியாகப் பேச இடம் கிடையாது. அதனால் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், லிஃப்ட் மெஷின் ரூம் நிழலில் உட்கார்ந்து, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

நீ சொன்ன மனநல ஆலோசனை இடத்துக்கு என் பெண் ரேடியோவை அழைத்துப் போகிறேன். புதன்கிழமை, மாலை நாலு மணி. உன்னோடு படித்தவர் என்று சொன்னாயே, பெரிய கண்ணாடி போட்டிருக்கிறார். எனக்கு அவர் கண்ணாடியம்மா. மூன்று புதன் முடிந்துவிட்டது. முந்தாநாள் ரேடியோ முகம் கழுவப் போன நேரத்தில் அவரிடம், உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். பேசவில்லை, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம் என்றார். எவ்வளவு நேரம் என்றேன். ஐம்பது நிமிடம் என்றார். ஏதோ வேலை முடிந்த மாதிரி சொன்னார்.

அறைக்கு வெளியே, கதவடியில் ஒரு சின்ன மின்விசிறியை ஓடவிட்டிருக்கிறார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காமல் இருக்கவாம். பேச்சே இல்லாத அறைக்கு எதற்கு விசிறி என்று நான் தண்ணீர் கேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் அம்மா இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. இவள் வாயை மூடி ஐந்து வாரம். நாலு வயதில் ஓயாமல் பேசுகிறாள் என்று ரேடியோ என்று பெயர் வைத்தவளே நீதான். பதினாறு வயதில் இப்படி அணைந்து போவாள் என்று யார் கண்டது?

சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் இவ்வளவு படித்தீர்களா, அக்கா? கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கை கால் ஓடவில்லை.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

மாமாவுக்குக் கட்டு பிரித்துவிட்டார்கள். என் தலையில் இவ்வளவு நரையா என்று கேட்டார். பார்வை நன்றாகவே வந்துவிட்டது.

நீ கேட்டதில் கோபம் இல்லை. எங்கள் வேலையை வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒருவர் பேசாமல் இருக்கும் வரைக்கும் அந்த அறை அவருடையது. நாம் வாயைத் திறந்தால் நம்முடையதாகிவிடும். அப்புறம் அவர் நம் கேள்விக்குப் பதில் சொல்வார், தன் மனதில் இருப்பதைச் சொல்லமாட்டார். கண்ணாடியம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. குழந்தை எப்போது பெருமூச்சு விடுகிறாள், எப்போது கதவைப் பார்க்கிறாள், எல்லாம் கவனித்துக்கொண்டிருப்பாள்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். ரேடியோ யாரிடமுமே பேசுவதில்லையா, அல்லது சிலரிடம் மட்டுமா? கடைசியாக அவள் உன்னிடம் பேசிய வாக்கியம் என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு. நீ இளைத்துப்போயிருக்கிறாய் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் நரையை நானும் விசாரித்ததாகச் சொல்.

நீ உன் வேலையைச் சொன்னாய், நான் என் வேலையைச் சொல்கிறேன். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் எங்களுக்கு முதல் விதி, பேச்சை விடக்கூடாது. ஒருவர் மேலே போய் மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கேபினை ஏதாவது ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவருவார். அதுவரை இன்னொருவர் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே வேலை, எத்தனை குழந்தைகள், என்ன வேண்டுமானாலும். உள்ளே பேச்சு நின்றால் ஆள் பயந்துவிட்டார் என்று அர்த்தம். பயந்தவர் கதவைப் பிளந்துகொண்டு குதிக்கப் பார்ப்பார். இரண்டு மாடிக்கு நடுவில் நிற்கும் கேபினிலிருந்து குதித்தால் கீழே பள்ளம். இருபத்தாறு வருஷத்தில் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தாலும், ‘பத்தே நிமிஷம்’ என்றுதான் சொல்ல வேண்டும். பத்து முடிந்ததும் இன்னொரு பத்து. அப்படித்தான் நான் அறுநூறு எழுநூறு பேரை வெளியே எடுத்திருக்கிறேன்.

அதனால் வீட்டிலும் நான் பேச்சை விடுவதில்லை. காலையில் அவள் தலை சீவும்போது பேசுகிறேன். சாப்பிடும்போது எந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு மக்கர் பண்ணியது என்று சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரர் லிஃப்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்த கதையை நாலு தடவை சொல்லிவிட்டேன். முன்பெல்லாம் அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விடுகிறாள்.

முந்தாநாளும் ஐம்பது நிமிடம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாயா?

உன் தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

தைலம் தேய்க்கிறேன். வாசனைதான் மிச்சம்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் நீ பதில் எழுதவில்லை. நான் நெருக்கப்போவதில்லை.

படிக்கும்போது எங்களை இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்து, பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வெளியே போய்விடுவார். முதல் நாள் ஏழாவது விநாடியில் நான் இருமினேன். இருமல் வரவில்லை, இருமினேன். கண்ணாடியம்மா அன்றைக்கே கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். போகப் போக நானும் பழகிக்கொண்டேன். இப்போது யார் என்னிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்வதில்லை. வீட்டில் மாமா உப்பு எங்கே என்று கேட்டாலும் அவரே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்துவிடுகிறேனாம், குறைப்படுகிறார்.

ஆனால் எல்லா மௌனமும் ஒன்றில்லை. யோசிக்கிறவர் சும்மா இருப்பார், கோபித்துக்கொண்டவரும் சும்மா இருப்பார். எதிரே இருப்பவரின் மௌனத்துக்கு நாமே ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம், அதுதான் ஆபத்து. (இதற்கு அடுத்த வரியை அடித்திருக்கிறேன். அதை விட்டுவிடு.)

குழந்தையிடம் கொஞ்சம் குறைவாகப் பேசிப் பார்.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மாமாவும் நன்றாக இருங்கள்.

நீ அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ‘அன்றைக்கு’ என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது.

உன் முதல் கேள்விக்குப் பதில். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ரேடியோ பேசுவதே இல்லையே, படிப்பு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போன வாரம் வகுப்பில் எழுந்து நின்று கால் மணி நேரம் பேசினாளாம். வாலிபால் குழுவில் மற்றவர்களைச் சத்தம் போட்டு விரட்டுகிறாளாம். பக்கத்து வீட்டு நாயிடம் பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் அவள் பேசுவதில்லை, அக்கா.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. போன சனிக்கிழமை மத்தியானம் அவளும் நானும் கடைக்குப் போய்விட்டு எங்கள் கட்டட லிஃப்டில் ஏறினோம். அந்த லிஃப்டின் பராமரிப்பும் நான்தான், சாவி என்னிடம் இருக்கிறது. மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஸ்டாப் போட்டேன்.

இறங்க வழி இல்லை என்றால் பேசிவிடுவாள் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை. ஏதாவது பேசும்மா, திட்டவாவது செய் என்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. வியர்த்துவிட்டது அவளுக்கு. அதைப் பார்த்ததும் என் வாயில் தானாக வந்தது: “பயப்படாதே, பத்தே நிமிஷம்.”

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை நீட்டி அலாரம் மணியை அழுத்தினாள். கட்டடமே வந்து நின்றது. கோளாறு, சரியாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அதிலிருந்து அவள் லிஃப்டில் ஏறுவதில்லை. ஐந்து மாடியும் நடக்கிறாள்.

உடனே பதில் எழுது.

தம்பி


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? பதில் இல்லை. தபால் தவறியிருக்குமோ என்று கேட்கப் போனேன், பதினேழு நாள் ஒன்றும் அதிகமில்லை என்றார்கள். உனக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மாமா போன் செய்திருப்பார்.

கண்ணாடியம்மாவிடம் லிஃப்ட் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தை விரும்பினால் ஒரு நாள் நானும் உள்ளே வந்து உட்காரலாம் என்றார். நான் வந்து என்ன செய்ய வேண்டும் என்றேன். அதற்கும் பேசாமல் என்னைப் பார்த்தார். உங்கள் கூட்டத்துக்கே இது வழக்கம் போல.

உன் தொழில் வித்தையை என்மேல் காட்டுகிறாய் என்று தோன்றுகிறது. நீ சும்மா இருந்தால் நான் கொட்டிவிடுவேன் என்று காத்திருக்கிறாய். நான் உன் தம்பி, அக்கா. உன்னிடம் சிகிச்சைக்கு வந்தவன் இல்லை.

தம்பி


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. சரி, நீ ஜெயித்தாய். இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

போன நவம்பரில் ரேடியோ திங்கட்கிழமை காலை வாலிபால் போட்டிக்குப் போனாள். பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரம். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாலும், போய்விட்டு வா என்று அவளேதான் அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாள்தான், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

நான் குழந்தையை வரச் சொல்லவில்லை. நானே முடிவு பண்ணினேன். புதன்கிழமை அவள் போன் செய்து, “அப்பா, நான் கிளம்பி வரட்டுமா?” என்று கேட்டாள். “வேண்டாம்மா, அம்மா தேறிட்டா. வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்துடுவா” என்றேன். பத்தே நிமிஷம் என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன். அந்தக் குரலில் பொய் தெரியாது, அக்கா. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

வியாழக்கிழமை பகல் ஒன்று இருபதுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் இறங்கியதும் குழந்தை கேட்டது, அம்மா வந்தாச்சா என்று.

அதற்குப் பிறகும் அவள் என்னிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். எதிர்பாராமல் நடந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பினாள். டிசம்பர் முதல் வாரம், அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது ஆஸ்பத்திரி ஃபைல் அவள் கையில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு, நிலைமை கணவரிடம் தெரிவிக்கப்பட்டது என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து.

ஃபைலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று கேட்டாள்: “செவ்வாய்க்கிழமையே தெரியுமாப்பா?”

“சாப்பாடு ஆறுது, வா” என்றேன்.

நீ கேட்ட கடைசி வாக்கியம் அதுதான்.

தம்பி


ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. மூன்றுக்கும் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். அது வித்தை இல்லை, பயம்.

நானே முடிவு பண்ணினேன் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எனக்குப் போன் செய்தாய். பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. “ரேடியோவை வரச் சொல்லவா, இல்ல வெள்ளிக்கிழமை அவளே வரட்டுமா? நீ சொல்லு அக்கா” என்று கேட்டாய்.

நான் பேசவில்லை. உனக்கே ஒரு பதில் தோன்றட்டும் என்று இருந்தேன். அப்படி இருக்கிறேன் என்றுகூட அந்த நேரம் எனக்குத் தெரியாது. முதுகில் அரித்தால் கை போவதுபோல அது பழக்கமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து நீ, “சரி, அப்ப வெள்ளிக்கிழமையே வரட்டும்” என்றாய். நான் “உம்” என்றேன். அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார், போனை வைத்துவிட்டேன்.

என்னிடம் வருகிறவர்களுக்கு அடுத்த வாரம் உண்டு, அதற்கடுத்த வாரமும் உண்டு. உனக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அதை யோசிக்காமல், அறையில் செய்வதை உன்னிடமும் செய்தேன். என் மௌனத்தை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். வேறு எப்படி எடுத்துக்கொள்வாய்?

அடித்த வரியில், அன்றைக்கு நானும் அப்படித்தான் உன்னை விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தேன்.

குழந்தையைக் கேட்டதாகச் சொல் என்று எழுதவந்தேன். எந்த முகத்தோடு எழுதுவது?

அக்கா


மே 14

அன்புத் தம்பிக்கு,

நாலு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. போன் செய்தால், வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய்.

திட்டியாவது எழுது. நீ என்ன நினைக்கிறாய் என்று நானே நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் வேறு. எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படித்தான் இருக்குமா? இத்தனை வருஷம் எத்தனை பேரை இதில் உட்கார வைத்திருக்கிறேன்.

மாமா விசாரித்தார். உப்பு எங்கே என்று அவர் கேட்டால் இப்போது உடனே சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாமல் இருந்தது உன்மேல் கோபத்தால் என்று நினைத்திருப்பாய். முதலில் கோபம்தான். அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மே 22, புதன். நான் உள்ளே வரலாமா என்று கண்ணாடியம்மா கேட்டதற்கு ரேடியோ தலையை ஆட்டினாளாம். போனேன். மூன்று நாற்காலி, ஒரு ஜன்னல், ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. அந்த இருபது நிமிடத்தில் லிஃப்டின் உள்ளே இருந்தவர்கள் எல்லோரையும் நினைத்துக்கொண்டேன். நான் எப்போதும் கதவுக்கு வெளியே நின்றவன்.

நாலு இருபதுக்குச் சொன்னேன். “தெரியும்மா. செவ்வாய்க்கிழமையே தெரியும்.”

சொன்னதும் மளமளவென்று அடுத்தது வாயில் வந்துவிட்டது. உன் நல்லதுக்குத்தான், போட்டி நடுவில், பஸ்ஸில் தனியாக, இப்படி. கண்ணாடியம்மா நாற்காலிக் கையிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினார். நிறுத்திவிட்டேன். அக்கா, இரும்புக் கதவைத் தோளால் தாங்கியிருக்கிறேன், அது இதைவிட லேசு. மீதி முப்பது நிமிடமும் குழந்தை ஜன்னலைப் பார்த்தாள். அழவில்லை. ஒரு கைக்குட்டைக் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்து, திரும்பப் பிரித்து, பெட்டிமேலேயே வைத்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அவள் படியில் ஏறினாள், நானும் பின்னாலேயே ஏறினேன். பேச்சுக் கொடுக்கவில்லை. மூன்றாம் மாடி தாண்டி, நான் லிஃப்டை நிறுத்திய அதே உயரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

“அம்மா என்னைக் கேட்டாங்களா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். அந்தக் குரல் தொண்டையில் தயாராக இருந்தது.

“கேட்டா. வியாழக்கிழமை காலையில மூணு தடவை கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வந்துக்கிட்டே இருக்கா, பத்தே நிமிஷம்னு சொன்னேன்.”

சுவரிலிருந்து கையை எடுத்தாள். அப்புறம் மேலே ஏறிப் போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை பதினோரு நாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், புதன்கிழமை போகிறாள். இது திறந்த கதவா, ஒரேயடியாகச் சாத்திய கதவா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியம்மாவைக் கேட்டேன். பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நீ போனில் சும்மா இருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்வதானால் நீயே வந்து சொல்.

அந்த மூன்று தடவையை அவளிடம் சொன்னது சரியா, அக்கா? இதற்கு மட்டும் பதில் எழுது. நீ சும்மா இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வேன். என் வழக்கம் உனக்குத் தெரியும்.

உன் தம்பி


ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நின்றபடியே பதில் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. நவம்பரில் நீ கேட்டபோதும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீ வேறு யாரையாவது கேட்டிருப்பாய். குழந்தையையே கேட்டிருப்பாய்.

நான் வருகிறேன். லிஃப்ட் வேண்டாம். முட்டி போனாலும் ஐந்து மாடியும் அவள் பின்னாலேயே ஏறுவேன். என்ன சொல்லப்போகிறேன் என்று கேட்காதே, சொல்லிவிட்டு என்ன ஆகும் என்றும் கேட்காதே.

அத்தை வருகிறாள் என்று குழந்தையிடம் சொல். ஜூன் 15, சனிக்கிழமை, ரயில் காலை பதினொன்று நாற்பதுக்கு வரும். தாமதமானால், எவ்வளவு தாமதம் என்று கேட்டு அதை அப்படியே அவளிடம் சொல்.

அக்கா